ரப்பர் செருப்பு ஆய்வு

குடியிருப்பவர்களின் உயிரைத் தன் உயிராக நினைக்கும் வீட்டுக்காரர் உலகத்தில் உண்டா என்று கேட்பவர்கள், கண்டிஷன்காரரைப் பார்த்ததில்லை. அது குடித்தனக்காரர்கள் அன்போடு வைத்த பெயர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தரை தேய்ந்துவிடும், செருப்போடு உள்ளே வரக் கூடாது. இப்படி அவர் போட்ட கண்டிஷன்கள் ஏராளம்.

வாடகை வீட்டின் மின் பாதுகாப்புக்கு உரிமையாளர்தான் பொறுப்பு என்று யாரோ சொன்னபோது மனிதர் உருகிவிட்டார்.

"என் பொறுப்பை நானே பாத்துக்குவேன். எலக்ட்ரீஷியன் எதுக்கு? உள்ளே விட்டா வீட்டையே பிரிச்சுப் போட்டுடுவான்!"

அன்று முதல் 'உயர்மட்ட நேரடி ஆய்வு' அவருடைய ஆள்காட்டி விரலாலேயே நடந்தது. ஊரெல்லாம் பளபளக்கும் தோல் செருப்பில் நடப்பவர், ஆய்வுக்கு மட்டும் தடித்த ரப்பர் செருப்பில் வருவார். வசதி வந்தும் எளிமை போகவில்லை பாருங்கள்!

கீழ்வீட்டு நர்ஸுக்கு இந்தப் பெருமையெல்லாம் புரியவில்லை.

"ஹீட்டர் குழாயில கை வெச்சாலே சுரீர்ங்குது சார். நேத்து பாப்பா தொட்டுட்டு அலறினா."

ஆய்வுக் குழு, அதாவது அவர், குளியலறைக்குள் எழுந்தருளினார். விரலால் குழாயைத் தொட்டார். கண்ணை மூடித் தியானித்தார்.

"கசிவு இல்லை. உங்க மனசுல பயம்தான் இருக்கு."

"எங்களுக்கு அடிக்குதே சார்?"

"உடம்புல சத்து இல்லைன்னா அப்படித்தான். நர்ஸுக்கு நான் சொல்லணுமா? பாப்பாவுக்கு நல்லா சாப்பாடு போடும்மா."

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தவளின் கண்ணில் அவருடைய கால்கள் பட்டன.

"சார், செருப்போட உள்ளே வரக் கூடாதுங்கறது உங்க கண்டிஷன்தானே? கழட்டிட்டு இன்னொரு தடவை தொட்டுக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

கண்டிஷன்காரர் தன் காலைப் பார்த்தார். போட்ட சட்டத்தைத் தானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்? கழற்றினார். ஈரத் தரையில் வெறுங்கால் பதிந்தது. விரல் குழாய்க்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது.

குளிப்பதற்காகத் துண்டோடு காத்திருந்த பாப்பா தைரியம் சொன்னாள்.

"தொடுங்க தாத்தா. கொஞ்சமாத்தான் அடிக்கும்."

"வேணாம்மா" என்று பின்வாங்கினார் அவர். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு!"

நர்ஸ் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ரப்பர் செருப்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"எலக்ட்ரீஷியன் வந்து சரிபண்ணதும் வாங்கிக்கங்க சார்."

வெறுங்காலோடு படியேறிப் போனார் வள்ளல். அவருடைய ஆய்வின் முடிவை உலக நன்மைக்காகச் சொல்லிவைக்கிறோம்: அந்தக் குழாயில் மின்சாரம் கசிவது குடித்தனக்காரிக்குத் தெரிந்தது, பிள்ளை அடி வாங்கிய பிறகு; வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, ரப்பர் செருப்பு வாங்குவதற்கு முன்பே.