ஆறு போல்ட்டு அச்சு

படித்த முட்டாளுக்கு ஈடான முட்டாள் உலகத்தில் கிடையாது. படிக்காதவன் "எனக்குத் தெரியாது" என்றாவது சொல்லித் தொலைப்பான். (சந்தேகப்படுகிறவர்கள் மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.)

அப்போது நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, அரசாங்க அலுவலகத்தில் பேனா பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்த்த பெண் கமலம், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் கதவோரம் நின்று என்னை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நாடே சொந்தக் கால்ல நிக்குது. நான் வாடகை லோரி பிடிக்கவா மாமா? பரிசத்துக்குச் சீரெல்லாம் நானே செஞ்ச டிரெய்லர்ல வரும்."

கிராணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "செய்யுங்க, பார்ப்போம். சிரம்பான் ஆஸ்பத்திரியில ஒரு டிரெஸ்ஸர் பையனுக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

டிரெஸ்ஸரிடம் கமலத்தை விட்டுவிட முடியுமா? மறுநாளே மச்சானையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். டிரெய்லரை இழுக்கப் போவது மச்சானின் பழைய பட்டாள ஜீப்.

கடைக்காரச் சீனத் தவுக்கே இரண்டு அச்சுகளைக் காட்டினார். ஒன்று, புக்கிட் பாரு திருப்பத்தில் கவிழ்ந்த ஜீப்பினுடையது. சக்கரம் மாட்டும் ஹப்பில் ஐந்து போல்ட்டு. இன்னொன்று லோரியினுடையது. ஆறு போல்ட்டு, ஆள் தொடை கனம், அகலமும் அதிகம்.

"ஜீப் அச்சையே எடுடா," என்றார் மச்சான். "முன்னால என் சக்கரம் போற தடத்துலயே பின்னால இதுவும் வரும். பஞ்சர் ஆனா என் ஸ்பேர் சக்கரமே இதுக்கும் ஆகும்."

"கவுந்த வண்டி இரும்புலயா என் மருமகளுக்குச் சீர் போறது?" என்று அம்மா பதறினாள்.

தவுக்கே லோரி அச்சைச் செல்லமாகத் தட்டினார். "இது அரிசி தூக்குன லோரி, ஆச்சி. பான்யாக் ஓங்!" (அதிர்ஷ்டம் கொட்டுமாம். உரம் வாங்க வந்தவனிடம் உரம் தூக்கிய லோரி என்றிருப்பார்.)

சகுனமாவது மண்ணாவது என்று பேசித் திரிந்தவன் நான். ஆனால் அந்தக் கனத்தைப் பார்த்ததும் மயங்கிப்போனேன். அம்மாவுக்குச் சகுனம், எனக்குத் தடிமன். இரண்டு அறிவீனமும் கைகோத்துக்கொண்டு வீடு வந்தன. மச்சான் ஒரு தரம் சொன்னதோடு சிகரெட் பற்றவைக்கப் போய்விட்டார். அவருடைய வீரம் எப்போதும் அந்த அளவுதான்.

பெட்டி அடித்து, பச்சை பூசி, துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டேன். டிரெய்லர் எலுமிச்சம்பழங்களை அழகாக நசுக்கியது. அது ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பரிச நாளன்று தார்ச்சாலை முடிகிறவரை நான் ராஜாதான். சேறும் குழியுமான தோட்டத்துச் செம்மண் சடக்குப் பாதை வந்ததும் சாயம் வெளுத்தது. ஜீப் தன் தடத்தில் போனது. அகலமான டிரெய்லருக்கு ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில். அச்சோடு வந்த, டன் கணக்கில் சுமக்கப் பிறந்த லோரி ஸ்பிரிங் லட்டுத் தட்டுக்கெல்லாம் வளையுமா? ஒவ்வொரு குழியிலும் தேங்காய்கள் எகிறிக் குதித்து ரப்பர் மரங்களுக்குள் ஓடின. கடைசியில் ஒரு கட்டை குத்தி டயர் கிழிந்தது.

மச்சான் ஜீப்பின் ஸ்பேர் சக்கரத்தை என் காலடியில் போட்டார். ஐந்து துளை. ஹப்பில் ஆறு போல்ட்டு. ஆறாவது துளை எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்பதுபோல நான் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். டிரெய்லரை விட்டுவிட்டு ஜீப்பில் சீரை ஏற்றிப் போகலாமென்றால், கழன்றுவிடக் கூடாதென்று இரண்டையும் இணைக்கும் கொக்கியையும் நானே வெல்டு வைத்து ஒட்டியிருந்தேன்! (மேதை.)

"ராகு காலம் வந்துருமேடா! அதுக்குள்ள தட்டு மாத்தலைன்னா அந்த மனுஷன் டிரெஸ்ஸருக்கே குடுத்துருவாரு!" அம்மா சேற்றில் நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அப்போதுதான் தோட்டத்து மாட்டுவண்டி வந்தது. ரப்பர் சக்கரம் போட்ட வண்டி, சாணி மூட்டைகளோடு. வண்டிக்காரர் சிரித்து முடித்துவிட்டு, "ஏத்துங்க தம்பி," என்றார். சீர் சாணியின் மேல் ஏறியது. "சாணி மகாலட்சுமிதான்," என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஜீப்பில் வந்த பட்டுச்சேலைக்காரிகள் பின்னால் நடந்தார்கள்.

ராகு காலத்துக்கு முன்னால் கிராணி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தட்டைக் கையில் எடுத்த அம்மா, நன்றி மறக்காமல், "என்னமா அலுங்காம வந்துச்சுய்யா உங்க வண்டி!" என்றாள்.

வண்டிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "புக்கிட் பாருல ஒரு ஜீப்பு கவுந்துச்சே, அதோட அச்சும்மா. காஜா பெராங் தவுக்கேகிட்ட நம்ம கிராணிதான் வாங்கிப் போட்டாரு."

அம்மா தட்டைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். மச்சான் வானத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கமலம்தான்.

கிராணி ஜன்னலைப் பார்த்தார், சேறு பூசிய என்னைப் பார்த்தார். "இவ்வளவு சிரிக்கிறவ வேண்டாம்னு சொல்லமாட்டா," என்று பெருமூச்சு விட்டார். "தட்டை மாத்துங்க."

டிரெய்லரில் பிறகு கோழிகள் குடியேறின. இன்றும் வீட்டில் சண்டை வந்தால், "எல்லாம் கவுந்த அச்சுல வந்த சீரோட பலன்," என்று நான் ஆரம்பிப்பேன். பேரன் பேத்திகள் பதிலுக்காகக் கமலத்தின் பக்கம் திரும்புவார்கள். அவளும் ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை.

"அது கவுந்தாலும் எந்திரிச்சு ஓடுச்சு. உங்க தாத்தாதான் இன்னும் அந்தப் பள்ளத்துலயே கெடக்காரு."