வழிவிடுவோர் கவனத்திற்கு

அரசு செலவில் செய்யப்படும் எந்தப் பொருளிலும் ரகசியம் இருக்கலாகாது. இருந்தே தீருமெனில், அது இருக்கும் இடத்தைப் பொதுமக்கள் அறியும்படி பலகை வைக்க வேண்டும். வேங்கிக்காலில் சுற்றுலாத் துறை அலுவலகத்தின் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து, துணை இயக்குநர் அறிவுச்செல்வன் இதை மெஹ்ஜபீனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மெஹ்ஜபீன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு காபிக்கடை மாடியில் அறை எடுத்து வீடியோ கேம் செய்கிறவள். கீழே வெள்ளைக்காரர்கள் மௌனம் பழகுவார்கள். மேலே இவள் கம்ப்யூட்டரோடு சண்டை போடுவாள். சுற்றுலாவை வளர்க்க அரசு செய்யச் சொன்ன கிரிவல விளையாட்டு அவள் கைக்கு வந்திருந்தது. செல்போனிலேயே மலையைச் சுற்றலாம். யார் எந்த ஊரிலிருந்து விளையாடினாலும் எல்லோரும் ஒரே பாதையில், பேசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் நடக்கலாம். பௌர்ணமி தவறாமல் கிரிவலப் பாதையில் ரோஸ்மில்க் விற்கிற குடும்பம் அவளுடையது. கூட்டம் எப்படி இடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்துக்குள்தான் ஒன்றை ஒளித்துவைத்தாள். அடி அண்ணாமலை திருப்பத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று, பின்னால் வருகிற எல்லோருக்கும் வழிவிட்டால், இரைச்சல் அடங்கும். வேலி விலகும். ஒரு குளம் தெரியும். மலை அதில் தலைகீழாகப் படுத்திருக்கும். சுற்றிலும் ஆளே இருக்காது. அவ்வளவுதான். அந்த அவ்வளவைச் செய்ய அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

விளையாட்டில் ரகசியம் ஏதாவது உண்டா என்று அலுவலகம் கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல் “ஒன்னு இருக்கு” என்றுவிட்டாள். வினை அங்கே தொடங்கியது.

“எங்க இருக்குனு சொல்லும்மா.”

“சொல்லிட்டா அது ரகசியம் இல்லையே சார்.”

“அரசுக்குத் தெரியாதது ரகசியம் இல்லம்மா, குற்றம்.”

“விளையாடுறவங்க தானா கண்டுபிடிக்கணும் சார். அப்பத்தான் அது அவங்களோடதுனு தோணும்.”

“கண்டுபிடிக்கத் தெரியாதவன் வரி கட்டலையா? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஒரு அம்புக்குறி போடு. ‘ரகசியம் இந்தப் பக்கம்’னு பெருசா எழுது.”

மெஹ்ஜபீன் வீட்டுக்குப் போய் யோசித்தாள். குளத்தைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால் பாதையில் வேறோர் இடத்தில் புதிதாக ஒரு குகை கட்டி, அதற்கு அம்புக்குறி போட்டுவிட்டாள். குகைக்குள் என்ன வைப்பது என்று அலுவலகம் கூடி ஆலோசித்து, அறிவுச்செல்வனின் வரவேற்புரையை வைப்பதென ஏகமனதாக முடிவெடுத்தது. முடிவை முன்மொழிந்தவர் அறிவுச்செல்வன்.

விளையாட்டு வெளியானதும் ஜனங்கள் குகையை மொய்த்தார்கள். வரிசை வந்தது. வரிசைக்குக் கம்பித் தடுப்பு வந்தது. பிறகு சிறப்பு வரிசை, அதற்குச் சிபாரிசு. உள்ளே போனவர்கள் வரவேற்புரையை முழுக்கக் கேட்ட பிறகே வெளியே வர முடிந்தது. ஆனால் அத்தனை நேரம் கால்கடுக்க நின்றுவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? “அதெல்லாம் வாயால சொல்ல முடியாதுப்பா. போய்ப் பாரு” என்றார்கள். அடுத்தவர்களும் போய்ப் பார்த்தார்கள்.

குளத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. மெஹ்ஜபீன் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாள். படம் வரைந்து தந்த இனியனுக்கே வருத்தமாகிவிட்டது.

“ஒருத்தர்கூடவா ஒதுங்க மாட்டாங்க?”

“வழிவிட்டா நாம லைன்லயே இல்லைனு ஆயிடும்ல. எவன் விடுவான்?” என்றாள் அவள்.

ஒரு மதியம் குளம் திறந்தது. யாரோ ஒரே ஒருவர் கரையில் நின்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரந்தப் புண்ணியவான் என்று பார்ப்பதற்குள் அலுவலக எண்ணிலிருந்து போன் அடித்தது.

“ஏம்மா, கேம் கெட்டுப்போச்சு. கூட்டத்தையே காணோம்” என்றார் அறிவுச்செல்வன்.

அவர் விளையாட்டைத் திறந்து, அடி அண்ணாமலை திருப்பத்தில் ஓரமாக நிறுத்தி, செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தவமிருந்து பெறவேண்டியது, அவருக்குப் பணி அனுபவத்தாலேயே வாய்த்தது.

“என்ன சார் தெரியுது?”

“தண்ணி. மலை. வேற ஒன்னுமே இல்ல.”

“நல்லா இருக்கா சார்?”

மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுப்பது கேட்டது.

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றார், மெதுவாக. உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அதுக்காக அப்படியே விட முடியுமா? இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே.”

அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். எடுபடவில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் அடி அண்ணாமலை திருப்பத்தில் பலகை எழுந்தது: ‘அமைதிக் குளம். காண விரும்புவோர் ஓரமாக ஒதுங்கி, பிறருக்கு வழிவிட்டு நிற்கவும்.’

அன்று குகையில் ஈ காக்கை இல்லை. கூட்டம் மொத்தமும் ஓரத்துக்குப் பாய்ந்தது.

“நீங்க போங்க சார்.”

“ஏன், நீ போயேன்! நான்தான் முதல்ல ஒதுங்கினேன்.”

“யோவ், நான் வழிவிட்டுக்கிட்டு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

வழிவிடுவதற்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். நடக்க ஓர் ஆள் இல்லை. கிரிவலம் நின்றுபோயிற்று. மக்களிடையே விட்டுக்கொடுக்கும் பண்பு பெருகிவிட்டதாக அலுவலகம் அறிக்கை விட்டது. அறிவுச்செல்வனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

மெஹ்ஜபீனுக்குத் தன் குளத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும்போல் இருந்தது. போனை எடுத்து உள்ளே போனாள். பாதை அகலமாக, காலியாகக் கிடந்தது. ஓரத்தில்தான் ஊசி குத்த இடமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். ஒருவரும் அசைவதாக இல்லை.

“கொஞ்சம் நகருங்க, நானும் வழிவிடணும்” என்று, முன்னால் நின்ற பெரியவரை ஒரே இடியாக இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள்.