நாடு பார்த்த தேங்காய்

நல்லேப்பிள்ளியில் ஒரு தேங்காய் இருந்தது. அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. பக்கத்து ஊரான பெருமாட்டியைத் தாண்டி அது எங்கேயும் போனதும் இல்லை. ஆனாலும் உலகத்தில் எந்த நாடு பத்திரம், எந்த நாடு ஆபத்து என்பது அதற்குத் தெரியும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகள் அப்படித்தான் நம்பின. போன மாதம் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கே நெல்லுக் களத்தில் வரிசை நின்றது. பட்டுச்சேலை கட்டிய அம்மாக்கள், மகனின் பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் முடிந்துகொண்ட அப்பாக்கள், தூக்கம் கலையாத பிள்ளைகள். ஐஸ் வண்டிகூட வந்துவிட்டது. ஐஸ் வண்டி வந்துவிட்டால் அங்கே தெய்வமும் வந்துவிட்டது என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

தேங்காயின் சொந்தக்காரர் ராக்கப்பன். எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் தேங்காய்க்காரரைக் கூப்பிடுவது வழக்கம். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். எங்கே அது எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். ராக்கப்பன் இதில் பேர் வாங்கியவர். அவர் காட்டிய பதினோரு இடங்களுக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதினேன். நான்கில் தண்ணீர், ஏழில் புழுதி. நான் சரியாகத்தான் கேட்டேனா என்று இன்றும் சந்தேகம். ஐந்தாவது தோட்டத்துக்காரர் நான் கேள்வியை முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

புழுதி அதிகமானதும் ராக்கப்பன் தண்ணீரை விட்டுவிட்டு நாடுகளுக்கு மாறினார். களத்தில் இருபதடிக்குப் பத்தடியில் ஃபிளெக்ஸில் அச்சடித்த உலகப்படம் விரித்திருக்கும். அதன்மேல் வெறுங்காலோடு நடப்பார். தேங்காய் நின்றால் அந்த நாடு பத்திரம். படுத்தே கிடந்தால் ஆபத்து. எவ்வளவு எளிது! இந்த வேலைக்குப் போய் அரசாங்கங்கள் தூதரகம் கட்டி, ஆள் வைத்து, சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த உலகப்படத்தை அச்சடித்தது நான்தான். பகலில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் ஃபிளெக்ஸ் கடையில் வேலை, மாலையில் ஆங்கில வகுப்பு. ஆர்டர் கொடுத்தது ராக்கப்பன் அல்ல, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் பிடிக்கும் நவீன்குமார். படத்தின் மூலையில் தன் சிரித்த முகத்தையும் போடச் சொன்னார். அப்போதே எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்ததெல்லாம் பிரேசிலில் ஒரு எழுத்துப்பிழை மட்டும்.

என்னோடு மாலை வகுப்பில் படிப்பவள் கிருத்திகா. பகலில் வேளாண்மையில் முதுகலை. வறண்ட நிலச் சாகுபடியைப் பார்க்க ஆறு வாரம் கென்யாவுக்குப் போகத் தேர்வாகியிருந்தாள். அவளுடைய பல்கலைக்கழகம் கென்யாவைக் ‘கூடுதல் கவனம்’ பட்டியலில் வைத்திருந்தது. போகலாம், ஆனால் பதினான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். தடுப்பூசி, காப்பீடு, தூதரகத்தில் பதிவு, தங்கும் இடம், அங்கே பொறுப்பேற்கும் இரண்டு பேரின் எண், தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குச் செய்தி, செய்தி வராவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவது. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவளுடைய அப்பா சென்னியப்பன் படிவத்தைப் படிக்கவில்லை. எடை பார்த்தார்.

“பதினாலு பக்கம் எழுதிக் கேக்கறானுங்கன்னா அந்தூர்ல என்னமோ இருக்குது அம்மிணி.”

“ஆபத்து வந்தா என்ன பண்றதுன்னு கேக்கறாங்கப்பா. வரும்னு சொல்லலீங்க.”

“அதேதான் நானுஞ் சொல்றேன். கல்யாணப் பத்திரிகைல யாராச்சும் ஆம்புலன்ஸ் நம்பர் போடுவாங்களா?”

இதற்குப் பதில் என்ன என்று வகுப்பில் நாங்கள் அரை மணி நேரம் யோசித்தோம். ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் மகளைத் தேங்காயிடம் கூட்டிப்போனார். படத்தின் ஓரம் கிழிந்திருப்பதாகச் சொல்லி என்னையும் ஒட்ட வரச்சொல்லியிருந்தார்கள். அதனால் நானும் அங்கே இருந்தேன்.

ராக்கப்பன் கென்யாவின் மேல் நின்றார். விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரித் தேங்காய் அசையாமல் படுத்திருந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்புறம் நவீன்குமார் கைகாட்டிய வேறொரு நாட்டுக்கு நடந்தார். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் இதைப் படிக்கலாம். குண்டு விழும் செய்தி தினமும் வருகிற நாடு, பல்கலைக்கழகம் ‘போகவே கூடாது’ என்று எழுதிய நாடு என்பது போதும். அங்கே தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

“பாருங்ணா,” என்றார் நவீன்குமார். “ரண்டு வருசப் படிப்பு. அப்புறம் அங்கயே வேலை. எங்ககிட்ட பதினாலு பக்கமெல்லாம் கெடையாது. ஒரே ஒரு ஒப்பு போட்டாப் போதும்.”

அந்தக் கையெழுத்தைப் போடச் சென்னியப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினார். கிருத்திகா அந்த மூடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ராக்கப்பண்ணா, ஒரே ஒரு சந்தேகமுங்க. கண்ணக் கட்டீட்டு நடந்தாலும் தேங்கா நிக்குமுங்களா?”

“நான் எங்க பாக்கறேன் அம்மிணி? தேங்காதான பாக்குது.”

“அப்பக் கட்டிக்கலாமுங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லை. தோளில் கிடந்த துண்டால் ராக்கப்பனின் கண்ணைக் கட்டினார்கள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். அவர் தட்டுத் தடுமாறி நடந்தார். சரியாக அதே நாட்டின் மேல் தேங்காய் எழுந்து நின்றது.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. “பாத்தியா?” என்றார் சென்னியப்பன். ஒருவேளை உண்மைதானோ? அந்த ஐந்தாவது தோட்டத்துக்காரர் வேறு எதற்காவது அழுதிருப்பாரோ?

எதையும் அடிக்கு அடி எழுதி வைப்பது என் பழக்கம். குறிப்பேட்டைப் பார்த்தேன். ‘ஐந்தாம் அடி, கென்யா, படுத்திருக்கிறது. ஒன்பதாம் அடி, ந.கு. இருமல். தேங்காய் நின்றது.’ இன்னொரு முறை நடக்கச் சொன்னோம். பதினோராம் அடியில் இருமல். தேங்காய் நின்றது. பாலக்காட்டுக் காற்றில் புழுதி அதிகம், மனிதருக்கு நிஜமாகவே சளி பிடித்திருக்கலாம். ஆகவே மூன்று கேள்விக்குறி போட்டுக் குறிப்பேட்டைக் கிருத்திகாவிடம் நீட்டினேன்.

“நவீனண்ணா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்களே. இருமலுக்கு நல்லதுங்க.”

நவீன்குமார் சிரிக்கவில்லை. “நான் இங்க நின்னா தேங்காய்க்கு என்னம்மா பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணாதுங்க. நல்லாவே நில்லுங்க. நல்லாவே இருமுங்க. கோகுலண்ணா, நீங்க அச்சடிச்ச அந்த ஃபிளெக்ஸக் குப்புறத் திருப்பிப் போடுங்க.”

நான்கு பேர் தூக்கி, சுற்றி, கவிழ்த்தோம். பின்பக்கம் வெறும் வெள்ளை. எது கிழக்கு, எது மேற்கு என்று அச்சடித்த எனக்கே தெரியவில்லை.

“இப்பிடிப் போட்டா நாடு எப்பிடித் தெரியும்?” என்றார் நவீன்குமார்.

“நாடு எங்கயும் போகலீங்க, அடியிலதான் இருக்குது. ஆயிரம் அடிக்குக் கீழ இருக்கற தண்ணியப் பாக்கற தேங்காய்க்கு ஒரு ஃபிளெக்ஸ் மறைக்குமுங்களா?”

“அதானே!” என்றது கூட்டம். பக்தியில்தான் சொன்னார்கள்.

ஒரு தடவை தற்செயலாகக்கூடப் பொருந்திவிடலாம் என்று நான் பயந்தேன். ஐந்து தடவை நடக்க வேண்டும், ஐந்து தடவையும் அந்தப் பத்திரமான நாட்டைக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசி, எல்லோர் காதிலும் விழும்படி ராக்கப்பனைச் சொல்ல வைத்தோம். தேங்காய் நிற்கும் இடத்தில் அவருடைய பூஜை ஊதுபத்தியாலேயே ஓட்டை போடுவது என்று முடிவு. கண்ணைக் கட்ட வேண்டிய தேவைகூட இல்லை.

ராக்கப்பன் நவீன்குமாரைப் பார்த்தார். நவீன்குமார் வெள்ளை ஃபிளெக்ஸைப் பார்த்தார். ஒரு இருமல் வந்தது, தயங்கித் தயங்கி. தேங்காய் நின்றது. ஓட்டை போட்டேன். ஐந்து இருமல், ஐந்து ஓட்டை. திருப்பிப் போட்டோம்.

முதல் ஓட்டை இந்துமாக்கடலில். இரண்டாவது பசிபிக்கில். மூன்றாவது, மனிதரே குடியில்லாத தென்துருவப் பனியில். நான்காவது மறுபடியும் கடல். ஐந்தாவது, மூலையில் சிரித்துக்கொண்டிருந்த நவீன்குமாரின் இடது மூக்கில்.

வரிசையின் முன்னால் நின்ற ராசம்மாள், மகனின் பாஸ்போர்ட்டை மடியில் செருகிக்கொண்டு கேட்டார்:

“ஏனுங்க நவீனு, கடலுக்குள்ள எந்தக் காலேஜுங்க? மீனெல்லாம் டாக்டருக்குப் படிக்குதுங்களா?”

களம் வெடித்துச் சிரித்தது. ராக்கப்பனுக்கு முகம் செத்துவிட்டது. “எனக்குத் தண்ணி பாக்கத்தானுங்க தெரியும். நாடெல்லாம் இவுரு சொல்லிக் குடுத்ததுங்க. எந்தெந்த நாட்டுக்கு இவுருகிட்ட சீட்டு இருக்குதோ அங்கெல்லாம் நிறுத்தச் சொன்னாருங்க.”

“தண்ணியுந் தெரியாதுடா உனக்கு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கிருத்திகா தேங்காயை வாங்கித் தன் கையில் படுக்க வைத்தாள். மணிக்கட்டை லேசாகச் சாய்த்தாள், சுண்டுவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். தேங்காய் எழுந்து நின்றது. கீழே அவளுடைய செருப்பு கிடந்தது.

“என்ற செருப்பு ரொம்பப் பத்திரமான நாடுங்க,” என்றாள்.

நவீன்குமார் எப்போது வண்டியை எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. குறிப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது. சென்னியப்பன் களத்து ஓரத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஊசி எங்கே போடுவார்கள் என்றார். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் தேடுவார்கள் என்றார். அங்கே பொறுப்பேற்கும் பேராசிரியைக்கு அப்போதே போன் போடச் சொல்லி, மொழி புரியாவிட்டாலும் குரலைக் கேட்டார்.

“தேங்கா ஒரு கேள்வியுங் கேக்கல,” என்றார். “இவனுங்க இத்தன கேக்கறானுங்க. சரி, அந்த மூடியக் குடு, பேனா காயுது.”

கையெழுத்துப் போட்டார். தினச் செய்தி நேரத்தை மட்டும் அடித்துத் திருத்தி, இரண்டு வேளை என்று எழுதினார்.

நாங்கள் கிளம்பும்போது பட்டுச்சேலை அம்மா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “தேங்கா பொய்தானுங்க தம்பி, ஒத்துக்கறேன். எலுமிச்சம்பழத்துல நாடு பாக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா?”

அம்மா, எந்த நாட்டுக்குப் போகவும் விசா வேண்டும். யோசிப்பதற்கு மட்டும் இதுவரை யாரும் விசா கேட்கவில்லை. உள்ளூரில் இருந்தபடியே அந்த நாட்டுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.