மூன்றாம் வகுப்பு டீச்சரின் தன்னம்பிக்கைக் குறைவு

மனித குலம் கடலை அளந்தது, மலையை அளந்தது. ஆனால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் ஆங்கிலத் தன்னம்பிக்கையை அளந்த பெருமை நமது கல்வி அலுவலகத்தையே சாரும். அதற்கென ஒரு படிவமும் வந்தது. "ஆங்கிலம் கற்பிப்பதில் தங்கள் தன்னம்பிக்கை: முழுமையாக, ஓரளவு, இல்லை. ஒன்றில் மட்டும் டிக் செய்க."

ஒரு பள்ளியில் பதினோரு பேர் கண்ணை மூடிக்கொண்டு 'முழுமையாக' என்று டிக் அடித்தார்கள். நான்காம் வகுப்பு சாருக்குச் சந்தேகமே இல்லை. பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் பார்த்து எழுதி முடிக்கும்வரை நாற்காலியில் இருப்பார். இருபது வருடத்தில் ஆங்கிலத்தில் ஒரு தப்புகூடப் பேசியதில்லை. வாயைத் திறந்தால்தானே!

மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் பேனாவும் கையுமாக யோசித்தார். அன்று காலைதான் ஒரு சிறுமி, "மிஸ், கொட்டாவிக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டிருந்தாள். "தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று டீச்சர் அகராதியைப் புரட்டினார். பிறகு வகுப்பே கொட்டாவி விட்டு அந்தச் சொல்லைப் பழகியது. அதை நினைத்து, நேர்மையாக 'ஓரளவு' என்று டிக் செய்தார்.

அலுவலகம் ஆடிப்போனது. மறுவாரமே அதிகாரி வந்து தலைமை ஆசிரியர் அறையில் அமர்ந்து டீச்சரை வரவழைத்தார்.

"பிள்ளைங்க முன்னாடியே தெரியலன்னு சொன்னீங்களாமே?"

"தெரியல சார். அதான் சொன்னேன்."

"இப்படிப் பட்டுன்னு ஒத்துக்கிட்டா டிபார்ட்மென்ட் மானம் என்னம்மா ஆகும்?"

"என் கிளாஸ் பிள்ளைங்க இங்கிலீஷ்லயே பேசுவாங்க சார். வந்து கேட்டுப் பாருங்களேன்."

அதிகாரியின் முகம் வெளிறியது. "அவங்க பேசினா நாம பதில் சொல்லணுமே. அதெல்லாம் வேணாம்."

முடிவு உடனே அறிவிக்கப்பட்டது. நாளை முதல் மூன்றாம் வகுப்பு ஆங்கிலம், தன்னம்பிக்கை 'முழுமையாக' உள்ள நான்காம் வகுப்பு சாருக்கு. டீச்சருக்கு விளையாட்டுச் சாமான் அறையின் பொறுப்பு. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு பார்த்து எழுதும் என்று நினைக்கவே டீச்சருக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு சிக்கல். மேலிடத்துக்கு அதிகாரியின் பெயரில் அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டும். அதிகாரி தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர், புதுப் பொறுப்பை ஏற்க வந்து நின்ற நான்காம் வகுப்பு சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியர், கனிவாக.

டீச்சர் அகராதியைத் தொடாமலே எழுதினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்தப் பள்ளியில் தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லை, இல்லாதது ஆங்கிலம்தான். அது கொஞ்சம் இருந்த ஒரே வகுப்பிலிருந்தும் இன்று அதை வெளியேற்றிவிட்டேன்."

அதிகாரி அதை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு முழுத் தன்னம்பிக்கையோடு கையெழுத்திட்டார்.