பைலட்டும் கறிவேப்பிலையும்

விமானத்தில் ஒரு முறைகூட ஏறாமல் பைலட் என்று பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு மின்சார ரயில் மாறி வேலைக்கு வருவார். இரண்டிலும் உட்கார மாட்டார். பெட்டியே காலியாக இருந்தாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தான் நின்றுகொண்டு போனால் ரயில் சற்று முன்னதாகப் போய்ச் சேரும் என்று அவர் நம்பினாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

எங்கள் கம்பெனி எந்தப் பொருளையும் தயாரிப்பதில்லை. தயாரிக்கிற கம்பெனிகளுக்குச் சோறு போடுவது, பஸ் விடுவது, தரை துடைப்பது, வாட்ச்மேன் நிறுத்துவது ஆகியவைதான் எங்கள் தொழில். ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. கும்மிடிப்பூண்டிக் கிளையில் நான் நிர்வாகப் பிரிவு. எதற்கும் நாள் கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். பைலட் வந்து சேர்ந்தது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், புதன்கிழமை. அன்று கேண்டீனில் வத்தக்குழம்பு. வத்தக்குழம்பு என்றால் புதன்தான்.

கம்பெனியை நவீனமாக்கத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள் அவர். கிளவுட், டேட்டா, ஏஐ மூன்றையும் ஒரே மூச்சில், அதுவும் நடந்துகொண்டே சொல்வார். பதில் சொல்ல விரும்புகிறவர்கள் கூடவே நடக்க வேண்டும். அவருக்கென்று வாங்கிய சுழல் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை யாரும் பிரிக்கவில்லை. கொண்டுவந்த ஏற்பாடு ஏதாவது கோணிக்கொண்டால், "இது பைலட்தாங்க. இங்க ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம்தான் எல்லா கிளைக்கும்" என்பார். எந்தப் பைலட்டும் எங்கள் கேட்டைத் தாண்டிப் போனதில்லை.

தடா பக்கத்திலிருந்து வரும் பஸ் டிரைவர் ஒருவர் எங்களிடம் உண்டு. எல்லோரையும் நைனா என்று கூப்பிட்டே தானும் நைனா ஆகிவிட்டவர். அவர்தான் ஒருநாள் கேட்டார்: "தெனிக்கும் பைலட்டே வந்துகினு கீறாரு. பிளேனு எப்போ நைனா வரும்?" அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் பைலட், முகத்தைப் பார்த்து வருகை போடும் கேமரா. அது வந்த வாரம் நைனா திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினார். கேமரா அவரை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. குனிந்தார், நிமிர்ந்தார், கல்யாண வீட்டு போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்தும் பார்த்தார். "என் மூஞ்சிய நானே ஒத்துக்கினேன். இதுக்கு இன்னா வந்திச்சி?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பஸ் நின்றது. பைலட் அசரவில்லை. மொட்டை போட்டுக்கொள்ள உத்தேசித்திருப்போர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். சாமிக்கு நேர்ந்துகொள்ளும் விஷயத்தில் இப்படி ஒரு சுற்றறிக்கையை நான் படித்த எந்த நிர்வாக வரலாற்றிலும் பார்த்ததில்லை.

அடுத்தது கிளவுட். எங்கள் கட்டடத்தில் சர்வர் அறைக்குத்தான் ஏசி. கேண்டீன் பொறுப்பாளர் கவரைப்பேட்டை ஸ்டெல்லா அக்கா, மத்தியானச் சாப்பாட்டுத் தயிரைப் பல வருஷங்களாக அங்கேதான் வைத்துவந்தார். கணக்கெல்லாம் கிளவுடுக்குப் போனால் சர்வர் போகும், சர்வர் போனால் ஏசி போகும், ஏசி போனால் தயிர் புளிக்கும். அந்த மாற்றத்தை எங்கள் கிளையில் எதிர்த்த ஒரே சக்தி தயிர்தான். பைலட் சர்வரைக் கழற்றினார். ஆனால் ஏசியை நிறுத்தச் சொல்லி மேலிடம் கேட்டபோது, சூடானால் கெட்டுப்போகிற சமாசாரம் ஒன்று அந்த அறையில் இன்னும் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பொய்யில்லை. அன்றிலிருந்து ஸ்டெல்லா அக்கா அவரைத் திட்டும்போது 'சார்' சேர்த்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் தலைமை அலுவலகம் கெடு வைத்தது. பொங்கலுக்குள் ஒரு பைலட்டாவது எல்லாக் கிளைகளுக்கும் போக வேண்டும். போகாவிட்டால் அவருடைய பதவியே கிடையாது. ஏற்கெனவே நிற்காத மனிதர் இப்போது ஓட ஆரம்பித்தார். கேண்டீனில் எச்சில் தட்டு கொட்டும் தொட்டிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினார். யார் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று ஏஐ பார்த்துக்கொண்டே இருக்கும். வீணாகிறதை வாங்காமல் விடலாம். நல்ல யோசனைதான். டிசம்பரில் ஏஐ தன் கண்டுபிடிப்பைச் சொன்னது: வாங்கியது அவ்வளவும் குப்பைக்கே போகிற பொருள் ஒன்று உண்டு. கறிவேப்பிலை.

தலைமை அலுவலகம் சந்தோஷத்தில் குதித்தது. எல்லாக் கிளைகளிலும் கறிவேப்பிலையை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. பைலட் வாட்ச்மேன் முதல் அத்தனை பேருக்கும் கை கொடுத்தார். அவருடைய பிளேன் முதல் தடவையாக மேலே கிளம்பியிருந்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் கை கொடுக்கவில்லை.

"இன்னா சார் நீ, தூக்கிப் போட்டா வேணாம்னு அர்த்தமா? அத்த துன்றதுக்கா போடறோம்?"

பைலட் பதில் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சாம்பார் வந்தது. என்ன குறை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் உப்பு என்றார், ஒருவர் புளி என்றார், பருப்பை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கட்சி கிளம்பியது. "சுடுதண்ணிக்கு மஞ்சா பூசன மாரி கீது" என்றார் நைனா. தொட்டியில் சோறும் சாம்பாரும் கொட்டிக்கொண்டே இருந்தன. மேலே கேமரா அதையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பைலட் கொஞ்ச நேரம் தொட்டியருகே நின்றார். பிறகு ஒரு தட்டை எடுத்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததை நான் நாள் கிழமையோடு குறித்து வைத்துக்கொண்டேன். அதுவரை நாஷ்டாவோ சாப்பாடோ, நடந்துகொண்டே நாலு வாய் அள்ளிப்போட்டவர். அன்று பிசைந்து, மூன்று கவளம் நிதானமாகத் தின்றார். பிறகு உட்கார்ந்தபடியே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"உத்தரவ வாபஸ் வாங்கிடுங்க சார். மெஷின் சரியாத்தான் பார்த்துச்சு. மிச்சத்த மட்டும் பாருன்னு சொன்னது நான்தான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "தெரியும் சார். பொங்கலுக்கு நாள் இல்லதான். பரவால்ல, வாபஸ் வாங்கிடுங்க" என்று போனை வைத்தார்.

கறிவேப்பிலை திரும்பி வந்தது. அவருக்குக் கடிதமும் வந்தது.

கடைசி நாள் போகிக்கு முந்தின தினம். பழையதைக் கழிக்கிற பண்டிகைக்கு இருந்த ஒரே புதியவரைக் கழித்தார்கள் என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். என் எழுத்தில் எனக்கே பிடித்த வரி அது. ஸ்டெல்லா அக்கா அவரை உட்காரவைத்துத் தானே பரிமாறினார்.

"கடசில உன்னயே கறிவேப்பில ஆக்கிட்டானுங்களே சார்."

"இதுவும் பைலட்தாங்க" என்றார் அவர். அக்கா கரண்டியோடு திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குப் புளியோதரை, சாம்பார், ரசம், தயிர். அவர் அவசரப்படவில்லை. நைனா ஸ்டேஷனில் விடுவதற்காக வண்டியை எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பைலட் எழுந்து, தட்டைத் தொட்டிக்கு மேலே கேமராவுக்கு நேராகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. கறிவேப்பிலை அத்தனையையும் மென்று தின்றிருந்தார்.

அன்றிலிருந்து நானும் ஒதுக்குவதில்லை. கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.