இருபதடிப் பீலியும் சம்பந்தி வீட்டுத் தாராக்களும்

கல்முனைக்குடி,
05.12.1982

அன்பு மச்சான் ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் பெண்சாதி, உங்கள் றாத்தா றஹீமாவும் சுகம். உங்கள் மனைவி முனவ்வறாவும் மகள் ஸுல்பிகாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சவூதி வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். ஸுல்பிகாவின் கலியாண வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் வடியப் பூட்டச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துப் போனீர்களே, அந்த இருபதடித் தகரப் பீலி. நாலு கடிதத்தில் கேட்டுவிட்டீர்கள், இனியும் மறைத்தால் பாவம்.

ஓடு போட்டு முடியட்டும் என்று பீலியை என் வளவுக்குள் கிடத்தியதுதான் நான் செய்த பிழை. சும்மா கிடக்கும் சாமானைக் கண்டால் நம் ஊருக்குப் பொறுக்காது, கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல என் வாய்க்கும் தெரியாது. முதலில் பக்கத்து வீட்டு நஸீறாவின் கலியாணத்துக்கு வந்த ஆட்கள் வரிசையாக இருந்து கைகழுவ அதைக் கொண்டுபோனார்கள், புரியாணி மணத்தோடு திரும்பி வந்தது. அந்த மணம் போகுமுன் வீரமுனை வேலப்போடி வந்து, வாய்க்கால் வரம்பு உடைந்துவிட்டது, வயலுக்குத் தண்ணீர் கடத்தவேண்டும் என்றார், ஓம் என்றேன். திரும்பி வரும்போது உள்ளே இரண்டு பனையான் மீன் துள்ளியது, உங்கள் றாத்தா ஆணம் காய்ச்சினா, சோற்றுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் பிழையில்லை.

பிறகுதான் மாப்பிள்ளையின் வாப்பா முகைதீன்பாவா வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் கிடந்தது. குர்பான் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கவென்று தோளில் தூக்கிக்கொண்டு போனார். சம்பந்தியாகப் போகிறவரிடம் எப்படி மறுக்கிறது? ஆடு குர்பானாகி இரண்டு மாதம் கழிந்துவிட்டது, இப்போது அதில் அவருடைய தாராக்கள் குவாக் குவாக்கென்று குளிக்கின்றன. கைகழுவும் தொட்டி, வாய்க்கால், ஆட்டுத்தொட்டி, தாராக்குளம் என்று எல்லாப் பேரும் எடுத்துவிட்டது, பீலி என்ற பேர் மட்டும் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே மழையென்றால் மழை. முனவ்வறா கூரை ஓரமெல்லாம் கிடாரமும் வாளியும் வைத்திருக்கிறா, புதிதாக வெள்ளையடித்த சுவர் அரைவாசிக்குச் சேறு. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ முடிந்து வீடு பார்க்க வருகிற முகைதீன்பாவாவின் தொப்பியில்தான் கூரைத் தண்ணீர் சரியாக விழுகிறது. போன கிழமை குடையை மடக்காமலே சொன்னார்: “என்ட மகன் வந்து இரிக்கப்போற வீடு. பீலி பூட்டாட்டி, பெருமழை ஓயட்டும், கலியாணத்தப் பிறகு பாப்பம்.” கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது, மச்சான். உள்ளே ஸுல்பிகா அழுத சத்தம் எனக்குக் கேட்டது. என்னால்தான் அந்த அழுகை.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? வேறு பீலி வாங்கிப் பூட்டினாலோ, தன்னிடம் இருப்பது யாருடையது என்று ஒருநாள் அவருக்கு நினைவு வரும், சம்பந்தியை வெட்கப்படுத்திய பழி நமக்கு. சாடையாகக் கேட்கலாமென்று போய், தாரா நன்றாகக் கொழுத்திருக்கிறது என்றேன். தண்ணீர் வசதிதான் என்றார். தகரம் நல்ல தகரம் என்றேன். “ஓம் மச்சான், எங்க வாங்கினதெண்டுதான் ஞாபகமில்ல” என்றார். அவர் பொய் சொல்கிற மனிதரில்லை, உண்மையாகவே மறந்துவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்களே அவருக்கு எழுதுங்கள். சுகம் விசாரித்து, தாராவையும் விசாரித்து, கடைசி வரியில் மெல்லப் பீலிப் பேச்சை எடுங்கள். தூரத்திலிருந்து கேட்டால் மரியாதை கெடாது.

றாத்தா உங்களுக்குச் சலாம் சொன்னா. அல்லாஹ் உங்கள் றிஸ்கில் பறக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மச்சான் மீராமுகைதீன்

பி.கு: ஒட்டிய உறையை நனைத்துத் திறந்து எழுதுகிறேன். மேலே சொன்னபடி ஒன்றும் எழுதிவிட வேண்டாம். முகைதீன்பாவா இப்போதுதான் ஆளோடு வந்து பீலியைப் பூட்டிவிட்டுப் போகிறார். “ஜெமீலுக்கு வசதிப்படல்ல போல, பாவம். இது என்ட வீட்டில சும்மா கிடந்தது. மருமகளுக்கு என்ட அன்பளிப்பா இரிக்கட்டும்” என்றார். கலியாணம் குறித்த நாளில்தான், ஸுல்பிகா சிரிக்கிறாள். ஆகவே அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். ஆனால் பீலி இரண்டடி குறைகிறது, அதைத் தாராவுக்கென்று வெட்டி வைத்துக்கொண்டாராம். பெண் வீட்டார் பங்குக்கு அந்த இரண்டடியையாவது வாங்கிப் பூட்டக்கூடாதா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.