மச்சான், என் மகள் டாக்சி ஓட்ட மாட்டாள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே தங்கள் தங்கை சௌக்கியம். தங்கள் மருமகள், அதாவது நான் பெற்ற ஒரே பெண், சௌக்கியம். நானும் சௌக்கியமாகத்தான் இருந்தேன், தாங்கள் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு யோசனையைச் சொல்லிவிட்டுப் போகும் வரைக்கும். அதற்கப்புறம் டாக்டர் எனக்கு ஒரு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு வாரமாகத் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், அதற்குக் கீழே வருகிறேன். தங்கள் சாப்பாட்டு வேன் காலையில் விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு எங்கள் தெரு வழியாகத்தான் திரும்புகிறது. அந்த டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் படிக்கவும்.

பாப்பாவுக்கு இரண்டு இடத்திலிருந்து பைலட் வேலை வந்திருப்பது தங்களுக்குத் தெரியும். ஒன்று ஏர்லைன்ஸ். இன்னொன்று தாங்கள் சாப்பாடு சப்ளை செய்யும் அந்த பிரைவேட் ஜெட் கம்பெனி. இரண்டு பேருக்கும் நாளை சாயங்காலத்துக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நிலைமையில் தாங்கள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பிரைவேட்டுக்குப் போ கண்ணு, பெரிய மனுஷங்க பழக்கம் கிடைக்கும், ஊர் ஊரா சுத்தலாம், மாமா நான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் எதைச் சொன்னாலும் அவள் "சரிப்பா" என்பாள், சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி நடப்பாள். தாங்கள் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டாள், அப்படியே செய்வாள். பெற்றவன் நான், பேர் வாங்கிக்கொள்வது தாங்கள். போகட்டும், அந்த வயிற்றெரிச்சல் பழையது.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அது தங்களுக்கு மறந்திருக்காது. ஏனென்றால் ஒரு தடவை தாங்கள் கையில் பெட்டியோடு "மாப்ளே, மாப்ளே" என்று ஓடி வந்தபோது, கடிகாரத்தைப் பார்த்து விசில் கொடுத்து வண்டியை அனுப்பியவன் நான்தான். தங்கள் தங்கை டீ குடிக்க இறங்கிய நேரத்தில் அவள் போக வேண்டிய வண்டியையும் அனுப்பியிருக்கிறேன், அதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். என் சர்வீசில் எவருக்காகவும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்தது கிடையாது. அதனால் எனக்கு இந்த விஷயம் ரொம்பத் தெளிவாகப் புரிகிறது மச்சான். ஏர்லைன்ஸ் என்பது பஸ். ஜனங்க வண்டிக்காகக் காத்திருப்பாங்க. பிரைவேட் ஜெட் என்பது டாக்சி. வண்டி ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். வீட்டை அடமானம் வெச்சுப் படிக்க வெச்சது மகள் டாக்சி ஓட்டறதுக்கா? ரெக்கை இருந்தா மட்டும் டாக்சி டாக்சி இல்லைன்னு ஆயிடுமா?

சரி, பார்க்காம பேசக்கூடாதுன்னு நாங்க நேரிலேயே போனோம். "குடும்பத்தோட வந்து பாருங்க"ன்னு கம்பெனியே கூப்பிட்டது. அங்கே பாப்பா ஒரு வாரமா பழகிப் பார்க்கப் போய்க்கிட்டிருந்தாள். வாசல்லயே ஒரு பையன் எங்க செருப்புக்கு மேல நீலக் கலர்ல பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டான், ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போற மாதிரி. உள்ளே போனா குளிர், வாசனை, கண்ணாடிக் கிண்ணத்துல மிட்டாய். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாத சோபா. ஒரு மேனேஜர் வந்தார், முகத்துல சிரிப்பை ஒட்டி வெச்சிருந்தார், எதைக் கேட்டாலும் கழுத்து டையைத் தடவிக்கிட்டே பதில் சொன்னார். "இங்கே எங்க பைலட்டுங்க வெறும் பைலட் மட்டும் இல்ல சார்"ன்னு பெருமையா சொன்னார். வெறும் பைலட் மட்டும் இல்லைங்கறதை நானும் என் கண்ணால பார்த்தேன். நரைச்ச தலை, தோள்ல நாலு பட்டை போட்ட ஒரு கேப்டன், விமானத்துக்குள்ள முட்டி போட்டு உட்கார்ந்து சின்ன மிஷினால கம்பளத்துல நாய் முடியை உறிஞ்சிக்கிட்டு இருந்தார். நாய்க்குத் தனி சீட்டு மச்சான், ஜன்னல் ஓரம். நம்ம பாப்பா வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்டுமா, இந்தக் கையில ரெண்டு அந்தக் கையில ரெண்டுன்னு உங்க சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறினாள். பெட்டி மேல உங்க கடைப் பேர். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

நான் மேனேஜர்கிட்ட மரியாதையாத்தான் கேட்டேன், "இந்த வண்டி எப்ப கிளம்பும்?" "முதலாளி வந்ததும் சார்"னார். "முதலாளி எப்ப வருவார்?" "கிளம்பணும்னு தோணும்போது வருவார்." "அப்ப பதினொண்ணுன்னு அந்த போர்டுல எழுதியிருக்கே, அது எதுக்கு?" டையைத் தடவினார். "அது ஒரு உத்தேசம் சார்." உத்தேசமாம். இதை எங்க டிப்போல எவனாவது சொல்லியிருந்தா அன்னிக்கே அவனைக் கழுவற ஷெட்டுக்கு மாத்தியிருப்பாங்க.

அந்த முதலாளி சிமெண்ட் வியாபாரி. ஒருவழியா வந்தார். வந்தவர் விமானத்துல ஏறலை. சோபாவுல சாஞ்சு போன் பேசினார், நாயைக் கொஞ்சினார், அப்புறம் முகம் வழிக்கணும்னு பாத்ரூமுக்குள்ள போயிட்டார். ரெண்டு பைலட்டும் படிக்கட்டுக்குக் கீழே வெயில்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. கேப்டனுக்கு வேர்வை காலர்ல இறங்குது. பக்கத்துல பாப்பாவும் நிக்கறாள். சுவர்க் கடிகாரத்துல பதினொண்ணு ஆகப்போகுது. மச்சான், நான் வேணும்னு செய்யலை. விசில் இன்னமும் என் சட்டைப் பையிலதான் இருக்கும், அது உங்க தங்கைக்கும் தெரியும். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் கை தானா போச்சு. நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு. எங்க டிப்போவுல அதுக்கு அர்த்தம் "எடு வண்டியை."

பாத்ரூம் கதவு படார்னு திறந்தது. சிமெண்ட் முதலாளி ஒரு கன்னம் பளபளன்னும் ஒரு கன்னம் பூரா நுரையுமா ஓடி வந்தார். பின்னாலயே நாய். நேரா படியேறி சீட்டுல உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கிட்டார். உட்கார்ந்த பிறகுதான் தான் ஏன் ஓடி வந்தோம்னு யோசிச்சார் போல. அதுக்குள்ள கேப்டன் கதவைச் சாத்திட்டார், நல்ல மனுஷன். அந்த விமானம் அந்தக் கம்பெனி சரித்திரத்துலயே முதல் தடவையா நேரத்துக்குக் கிளம்பிச்சு. யாராவது எனக்கு ஒரு நன்றி சொன்னாங்களா? மேனேஜர் டையை விட்டுட்டுத் தலையைப் பிடிச்சுக்கிட்டார். உங்க தங்கை அங்கேயே என்னைத் தெரியாத மாதிரி மிட்டாய்க் கிண்ணத்துப் பக்கம் போயிட்டாள். வீடு வந்ததும் பாப்பா வாசல்ல செருப்பைக் கழட்டும்போது, "அப்பா, அது பஸ் ஸ்டாண்ட் இல்ல"ன்னாள். "அதைத்தாம்மா நானும் சொல்றேன்"னேன். அன்னையிலேர்ந்துதான் நீங்களும் என் போனை எடுக்கறதில்லை. உங்க கான்ட்ராக்டுக்கு ஏதாவது ஆயிடும்னு பயம் உங்களுக்கு. ஒண்ணும் ஆகலை. மேனேஜர் மறுநாளே பாப்பாவுக்கு போன் பண்ணி, வேலை அப்படியேதான் இருக்கு, உங்க அப்பாவை மட்டும் கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்லியிருக்கார்.

இப்ப ஏர்லைன்ஸைப் பாருங்க. நான் தனியா விமான நிலையத்துக்குப் போய் அங்கேயும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு வந்தேன். எத்தனை பெரிய போர்டு, எத்தனை ஊர், எல்லாத்துக்கும் எதிர்ல நேரம். உத்தேசம்னு ஒரு எழுத்து கிடையாது. ஒரு பைலட் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து போறார், கூட்டம் தானா விலகுது. யாரும் அவர் கையில சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கலை. ஒருத்தர் கோட்டும் சூட்டுமா மூச்சு வாங்க ஓடி வந்து, "ஒரே நிமிஷம்தான்மா"ன்னு கெஞ்சறார். கவுண்டர்ல இருந்த பொண்ணு முகத்தைக்கூட மாத்திக்காம, "கதவு மூடியாச்சு சார்"னு சொன்னாள். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மச்சான். இந்த உலகத்துல இன்னும் நியாயம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

பாப்பா ஏதேதோ சாக்கு சொல்றாள். அங்கே மேல இருக்கிறவங்க ரிட்டயர் ஆனாத்தான் கீழ இருக்கிறவங்க கேப்டன் ஆகலாமாம், லீவும் அவங்க எடுத்தது போக மிச்சம்தானாம், புதுசா சேர்ந்தவங்க எல்லாத்துலயும் கடைசியாம். இருக்கட்டுமே. எங்க டிப்போவுல மட்டும் சேர்ந்த அன்னைக்கே விசிலைக் கையில கொடுத்தாங்களா?

என் பேச்சு இவ்வளவுதான். அந்த பிரைவேட் கம்பெனிக்குப் போன ஒரு வாரத்துல, ஒரு நாள் பாப்பா சாப்பாட்டுல கையை வெச்சதும் போன் வந்தது. அப்படியே எழுந்து கையைக் கழுவிட்டு ஓடினாள். அந்தத் தட்டை நான் மூடி வெச்சுட்டு எதிர்லயே உட்கார்ந்திருந்தேன். எப்ப வருவாள்னு எவனைக் கேக்கறது? சிமெண்ட் முதலாளிக்கு எப்ப தோணுதோ அப்ப வருவாள். ஏர்லைன்ஸ்ல அப்படியா? காலையில நம்ம டிப்போவுல எடுத்த வண்டி ஊரெல்லாம் சுத்திட்டு ராத்திரி நம்ம டிப்போவுலதான் வந்து நிக்கும். டியூட்டி முடிஞ்சு பாப்பா நேரா வீட்டுக்கு வருவாள், அவள் நாற்காலியில உட்காருவாள், சூடா சாப்பிடுவாள், படுப்பாள். உங்க தங்கை மட்டும், "இதைப் பாப்பாகிட்ட கேட்டீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாள். கேக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்குத் தெரியாத டிப்போவா?

ஆகவே நாளைக்கு இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடமே தாங்கள் பாப்பாவுக்கு போன் செய்து, "மாமா தெரியாம சொல்லிட்டேன், ஏர்லைன்ஸுக்கே போ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். என் போனைத்தான் எடுக்கமாட்டீர்கள், அவள் போனைப் போடத் தங்கள் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது. சொல்லவில்லை என்றால் இனிமேல் தங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன். தாங்களும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது யோசனையை வாசலிலேயே கழட்டி வைத்துவிட்டு வரவும்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கட்டும், பெட்டியை என் மகள் தூக்காத வரைக்கும்.

இப்படிக்கு,
என்றும் நேரம் தவறாத தங்கள் மைத்துனன்

பி.கு.: மச்சான், விடிஞ்சாச்சு. கடிதத்தை ஒட்டறதுக்கு முன்னால உங்க தங்கை வாங்கிப் படிச்சாள். டிப்போ வர்ற இடத்துல நிறுத்திட்டு என்னைப் பார்த்தாள். "போய்க் கேளுங்க"ன்னாள். போய்க் கேட்டேன். பாப்பா பல் தேய்ச்சுக்கிட்டே சொல்றாள், அந்த ஏர்லைன்ஸுக்கு நம்ம ஊர்ல டிப்போவே கிடையாதாம். இங்கே வரும், ஆளை இறக்கும், ஏத்தும், உடனே திரும்பிடும். ராத்திரி நிக்கிற இடம் வேற ஊர். ரயில்ல போனா ஒரு நாள் பூரா ஆகும். பாப்பா அங்கேயே ரூம் எடுத்துத் தங்கணும், லீவு கிடைச்சா வரலாம், லீவுல அவள்தான் கடைசி. "ஏம்மா இதை முன்னாடியே சொல்லலை?"ன்னேன். "நீங்க அவ்வளவு ஆசைப்பட்டீங்க, எனக்குச் சொல்ல மனசு வரலைப்பா. நீங்க சொன்ன மாதிரியே ஏர்லைன்ஸுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்"னாள். பிறந்ததுலேர்ந்து நான் சொன்ன ஒண்ணைக்கூடக் கேட்காத பொண்ணு, இதைக் கேட்டிருக்காள்.

மேலே எழுதினது ஒண்ணும் எழுதலைன்னு வெச்சுக்குங்க. அந்த பிரைவேட் கம்பெனிக்கு என்ன குறை, நல்ல கம்பெனி. நாய்னு இருந்தா முடி கொட்டத்தான் செய்யும். உங்க பெட்டியும் அப்படி ஒண்ணும் கனமில்லை, நானே போய்த் தூக்கிக் கொடுக்கறேன், விசிலை வீட்டுல வெச்சுட்டு. சாப்பாட்டுல பாதியில எழுந்து போனா என்ன, மூடி வெச்சா மிச்சத்தை வந்து சாப்பிட மாட்டாளா? இவ்வளவு பேசின பிறகு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்ட மாத்திச் சொல்லுவேன்? நீங்க சொன்னா செய்வாள். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க மச்சான். நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.

உங்க டிரைவர் தெருவுல ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கார், லேட்டாகுதாம். ஜன்னல் வழியா கையைக் காட்டி வண்டியை நிறுத்தி வெச்சிருக்கேன்.